அப்பளம் உடையாமல்

பாகலூர் ரோஜாப் பண்ணையில்
கழித்துப்போட்ட பச்சை வலையை
எடைக்கு வாங்கி
மொட்டைமாடியில் கட்டியிருக்கிறேன்.
இன்னும் அதில் ஒன்றிரண்டு முள்.
பந்து வைக்க, வாசல் மிதியடி.
ஏழாம் நம்பர் இரும்பு மட்டை
ஊர் திரும்பிய ஜப்பானிய மேலாளர்
பெட்டியில் வைக்க மறந்தது, அல்லது
மறந்தமாதிரி விட்டுப்போனது.

மார்ச்சில் வாடிக்கையாளரோடு ஆட வேண்டும்.
குறை நிறை பேசுவதெல்லாம் இனிமேல்
பதினெட்டுக் குழிகளுக்கு நடுவேதானாம்.
பட்டியலில் ஒன்பது பேர்.
எட்டுப் பேருக்கு மீசை.

ஆறு மணிக்கு சிப்காட் சங்கு ஊதும்.
அதற்குள் நாற்பது பந்து.
முப்பதாவது
வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு போய்
தண்ணீர்த் தொட்டியின் காலில் முட்டும்.
ஓசூரே எழுந்துகொள்ளும்.

எனக்குத் தெரிந்த வேலை
திருகுவிசை அளப்பது.
டார்க் ரெஞ்சில் 'டிக்' என்று கேட்டால்
கையை எடுத்துவிட வேண்டும்.
அதற்கு மேல் ஓர் இம்மி தள்ளினாலும்
மரை தேயும், பிறகு
அந்த போல்ட் எதையும் பிடிக்காது.
பதினாறு வருஷமாக
மற்றவர்களின் ரெஞ்சுகளைத் திருத்தி
ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறேன்.
என் முன்னங்கைக்குள்
அந்த 'டிக்' எங்கே இருக்கிறதென்று
கேட்டதில்லை.

பசவராஜ் ஃபோனில் ஸ்லோமோஷனில் பிடித்தார்.
மட்டை பின்னால் போவது அழகாகத்தான் இருந்தது,
எண்ணெய் போட்ட பேரிங் மாதிரி.
உச்சியில் ஒரு கணம்.
இறங்கும்போதுதான்
தோள் காதுவரை ஏறுகிறது,
கழுத்தில் ஒரு நரம்பு கயிறாகிறது,
வாய்...
"பல்லைக் கடிக்கிற, பாரு" என்றார்.
பார்த்தேன்.
நானூறு கியரைத் திருப்பி அனுப்பிய அன்று
கண்ணாடியில் இருந்த அதே தாடை.
இத்தனைக்கும் பந்தின் எடை
நாற்பத்தாறு கிராம்.

ராத்திரி பொரித்ததில் மிச்சமான அப்பளத்தை
உடைத்து, ஒரு துண்டு
பல்லிடையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.
நொறுங்கக் கூடாது.
அவ்வளவுதான் விதி.

முதல் நாள் பன்னிரண்டு துண்டு.
நொறுக், நொறுக்.
இரண்டாம் நாள் பதினொன்று.
ரசத்துக்குத் தொட்டுக்க ஒன்றுமில்லையென்று
கீழே முணுமுணுப்பு.
மூன்றாம் நாள் உப்பில் நாக்கு பொத்துப்போக
பந்தே வைக்காமல்
மட்டையைச் சும்மா ஆடவிட்டேன்,
சூளகிரி வளைவில்
யாரும் பிடிக்காத பஸ் கைப்பிடி
தானாக ஆடுவதுபோல.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ.
தைக் குளிர்.
மட்டையின் பிடி ஐஸாக இருந்தது.
எதையும் நினைக்காமல் இருந்தேன் என்று
சொன்னால் பொய்.
அன்றைக்கு ஆடிட், ஏழு கோப்பு,
மேசை இழுப்பறைச் சாவியை
எங்கே வைத்தேன் என்று
தேடிக்கொண்டேதான் சுழன்றேன்.

அடித்த மாதிரியே இல்லை.
சத்தம்கூட
பக்கத்து மாடியில் யாரோ
தீப்பெட்டி திறந்தது போல.
பந்து வலையின் கிழிசலில் நேராகப் புகுந்து
காலி மனைகளுக்கு மேலே
செல்ஃபோன் கோபுரத்தின் சிவப்பு விளக்குக்குக்
கொஞ்சம் இடப்பக்கமாகப்
போய்க்கொண்டே இருந்தது.
விழுந்தது கேட்கவில்லை.

வாயிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.
முழுசாக இருந்தது அப்பளம்.
ஊறி, தொளதொளத்து,
ஈரத் தபால்தலை மாதிரி
விரலில் ஒட்டிக்கொண்டது.
பசவராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கொட்டாவியோடு வந்தவர்
"பந்து எங்கே?" என்றார்.

அடுத்த பந்தை வைத்தேன்.
புதுத் துண்டு.
இப்போதுதான் எப்படி என்று தெரிந்துவிட்டதே.
தெரிந்த மாதிரியே தூக்கி,
தெரிந்த மாதிரியே இறக்கி

நொறுக்.

சங்கு ஊதியது.
தட்டில் இன்னும் ஆறு துண்டு.