இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்

சித்தூர் முன்சீப் கோர்ட்டில்
சுற்றாத மின்விசிறிக்குக் கீழே நிற்கிறான்
வேலந்தாவளம் சென்னியப்பன்.
சத்தியத்தை மலையாளத்தில் சொல்லிக்கொடுத்தார் பெஞ்ச் கிளார்க்.
தெய்வத்தின் பேர் வரைக்கும் கூடவே சொன்னான்,
மீதியைத் தமிழில் முடித்தான்.
யாரும் தடுக்கவில்லை.

பின்பெஞ்சில் நான்,
டிக்ரிதாரர் துளசிமணி.
வழக்குப் போட்டு ஒன்பது வருஷம்,
ஜெயித்து நாலு.
தீவனப் பாக்கி ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்,
வட்டி தனி, கோர்ட் செலவு தனி.
பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு:
மாட்டுக்குப் போனதெல்லாம் என் கையெழுத்தில்
பச்சை நூல் கட்டி மேஜைமேல் கிடக்கிறது.

ஷைனி வக்கீல் கேட்கிறாள்.
வீடு?
"அண்ணன் பேர்லங்க."
தோப்பு?
"பாங்கு எடுத்துக்கிச்சு."
வண்டி?
"ஜீப்பு இருந்துச்சு. இரும்பு வெலைக்குப் போட்டாச்சு."
மாடு?
கொஞ்சம் யோசித்தான்.
"ரெண்டுங்க. பகல்ல கேரளாவுல மேயும்.
ராத்திரி கட்டுத்தறி தமிழ்நாட்டுல."
சிரிப்பு கிளம்பியது. ஷைனி சிரிக்கவில்லை.
பால் எங்கே ஊற்றுகிறீர்கள்?
"காலைல இங்க சொசைட்டி, சாயங்காலம் அங்க."
எங்கே விலை கூட?
"இங்கதான். அங்க முன்பணம் தருவாங்க."

பிழைப்புக்கு வேண்டிய மாட்டை ஜப்தி செய்ய முடியாதாம்.
உடுத்தின துணி, சோறாக்கும் பாத்திரம்,
மண்வெட்டி, விதைநெல், பெண்சாதி கழுத்துத் தாலி,
இதுவும் முடியாதாம்.
எழுதினவன் யாரோ
ஒரு மனுசனை எதுவரை உரிக்கலாமென்று உட்கார்ந்து யோசித்து
தோலுக்குச் சற்று முன்னால் நிறுத்தியிருக்கிறான்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.
உங்களுக்கு யாராவது பணம் தரவேண்டியது உண்டா?

சென்னியப்பன் முதன்முறையாகத் திரும்பினான்.
என்னைப் பார்த்தானென்று சொல்ல முடியாது,
எனக்குப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தான்.

ஐப்பசி அடைமழை. எங்கள் வீட்டுக்காரருக்கு
ஒருபக்க வாய் கோணிப் பேச்சு நின்ற ராத்திரி.
செக்போஸ்டில் நகராத லாரி வரிசை.
இவன் அந்த ஜீப்பை வாய்க்கால் மேட்டில் ஏற்றி
ஒற்றை விளக்கில் ஓட்டி
கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான்.
கவுண்டரில் முப்பதாயிரம் கட்டினான். ரசீது என் பேரில்.
"அப்புறம் பாத்துக்கலாங்க்கா."

அப்புறம் பதினாறாம் நாள் காரியம்.
அப்புறம் கடையைத் திறந்தேன்.
அப்புறம் இவன் பாக்கி ஏறியது.
தேதி போட்டு, எடை போட்டு, எல்லாம் எழுதினேன்.
அந்த முப்பதாயிரத்தைக் கழித்து ஒரு வரி எழுதவில்லை.
அவனும் கேட்கவில்லை,
வக்கீல் நோட்டீஸ் போன பிறகும்.

"இல்லைங்க" என்றான்.

இல்ல, என்று எழுதிக்கொண்டார்கள்.
ரெண்டு பாஷைக்கும் அது ஒரே சொல்.
சத்தியம் பண்ணிச் சொன்ன பொய்.
பொய்யென்று சொல்ல ஊரில் ஒரே சாட்சி, நான்.
என்னைக் கூண்டில் ஏற்றவில்லை அவர்கள்.
டிக்ரி வாங்கினவளிடம் யாரும் கேட்பதில்லை
உன்னிடம் என்ன இருக்கிறதென்று.

"வேற எதாவது கேக்கணுமா சேச்சி?"
ஷைனி குனிந்து காதில் கேட்டாள்.
தலையை ஆட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேனென்று அவளுக்குப் புரியவில்லை.
அடுத்த மாதம் பதினாலுக்குத் தள்ளிவைத்தார்கள்.

எங்கள் ஊருக்கு அந்த நேரத்தில் ஒரே பஸ்தான்.
அவன் முன்படியில் ஏறினான், நான் பின்படியில்.
கொழிஞ்சாம்பாறை தாண்டி டிக்கெட் எடுத்தேன்.
சில்லறை இல்லையென்று கண்டக்டர்
டிக்கெட்டின் முதுகில் ஏழு என்று கிறுக்கிக் கொடுத்தான்,
இறங்கும்போது வாங்கிக்கச் சொல்லி.

ஒரு கிறுக்கல். கையெழுத்துக்கூட இல்லை.
வேலந்தாவளம் வரைக்கும்
அதை இறுக்கிப் பிடித்திருந்தேன்.