இருபத்திரண்டாவது தவணை

முல்லைத்தீவு நீதிமன்ற வளவில்
ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது.
இடது கையால் திறக்கலாம்.
நாலு வருடமாக அது எனக்குத் தெரியும்.

இன்றைக்குத் தீர்ப்பு.

எனக்கு முன்னம்
காட்டில் பாலைக்குற்றி ஏற்றிப் பிடிபட்ட பெடியன்.
குற்றத்தை ஒப்புக்கொண்டான்.
ஒன்றரை லட்சம் தண்டம்.
கட்டக் காசில்லை, உள்ளே கொண்டுபோனார்கள்.
செருப்பில் ஒன்று வாசலில் கழன்று கிடந்தது.
பாலை நூறு வருடம் நின்று வளர்கிற மரம்,
பழக்காலத்தில் கரடியும் தேடி வரும்.
தண்டிக்கட்டும். நான் குறை சொல்லவில்லை.

பிறகு என் பேர்.
கனகரத்தினம் தர்மாவதி.
எதிரி தவரூபன் கூண்டில் ஏறினான்,
மினுக்கிய வெள்ளைச் சேட்டு,
நெற்றியில் கோயில் திருநீறு.

பேராற்றில் இரவில் மணல் அள்ளிய
உழவு இயந்திரத்தின் இலக்கத்தை
நான் பொலிசுக்குச் சொன்னேன்.
பொலிஸ் அதை யாருக்குச் சொன்னதென்று
வழக்கில் ஒருவரும் கேட்கவில்லை.
மூன்றாம் நாள், வாய்க்கால் கட்டில்,
பெட்டி கொழுவுகிற இரும்புக் கம்பியால்
ஒரு அடி. விழுந்தேன்.
மற்றது விழுந்த பிறகு.
அந்த மற்றதைப் பற்றித்தான்
சாட்சிக் கூண்டில் திரும்பத் திரும்பச் சொன்னேன்.
"விழுந்த பிறகு, ஐயா."
"இரு தடவை தாக்கினார்"
என்று அடித்துக்கொண்டு போனாள் தட்டச்சுப் பிள்ளை.

சட்ட வைத்திய அறிக்கை: கடுங்காயம்.
முன்கையில் ஒரு தகடு, ஆறு ஆணி.

அவனுடைய சட்டத்தரணி எழும்பினார்.
முதல் குற்றம். இரண்டு குழந்தைகள்.
வயது இருபத்தொன்பது, எதிர்காலம் இருக்கிறது.
எனக்கு முப்பத்தெட்டு.
அந்தச் சொல்லை என் பக்கம் திருப்பி
ஒருவரும் கேட்டதில்லை.

"இரண்டு வருடக் கடூழியச் சிறை"
முதலியார் வாசிக்க
முதுகு தானாக நிமிர்ந்தது.
அவர் ஒரு மூச்சு விட்டார்.
"ஐந்து வருடங்களுக்கு ஒத்திவைக்கப்படுகிறது."
தண்டம் ஆயிரத்து ஐந்நூறு.
நட்டஈடு எழுபத்தையாயிரம், தவணை முறையில்.

பாலைக்குற்றியில் அரைவாசி.
காட்டிலாகா முத்திரை குத்தாத எலும்பு
அவ்வளவுதான் போகும் போல.

ஒட்டுசுட்டான் பஸ்ஸில் சனம்.
முள்ளியவளை தாண்டமுன் கால் உழையத் தொடங்கியது.
"இருங்கோ அக்கா" என்று யாரோ எழும்பினார்கள்.
திரும்பினால், அவன்.
பஸ் முழுக்க எங்களையே பார்த்தது.
நான் இருந்தேன்.
சீற்றில் அவனுடைய உடம்புச் சூடு ஆறவில்லை.
அவன் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
வலது கையால்,
ஐந்து விரலும் இறுக்கி.

"அவன் அனுராதபுரத்துச் சிறையில் கிடந்தால்
உனக்குக் கை மடியுமோ?"
அண்ணன் போன மாதமே கேட்டான்.
மடியாது.
தலை சீவ மகள் வேண்டும்,
அரிசி களையத் தங்கச்சி வேண்டும்.
அவனுடைய மூத்தது என் மகளோடு ஒரே வகுப்பு,
அதன் முகத்தையும் நான் யோசித்திருக்கிறேன்.
ஆறு வருடம் கேட்டிருப்பேனா,
ஒன்றா, ஆறு மாதமா,
நிச்சயமாகத் தெரியாது.
ஒரு இரவாவது கதவு வெளியிலிருந்து பூட்டுப்பட்டு
அவன் அந்த இரண்டாவது அடியோடு
தனியே இருந்திருக்க வேண்டும்.

இப்போது ஊருக்கு விலை தெரியும்.
நாலைந்து லோட் மணல் விற்றால்
ஒரு கை.
அடுத்தவன் பாக்கெட்டில் காசோடு வருவான்,
மினுக்கிய சேட்டும் வைத்திருப்பான்.

இரவு பதினொன்றரை.
பேராற்றுப் பக்கம் உழவு இயந்திரச் சத்தம்,
ஒன்றில்லை.
படுக்கையிலிருந்து எட்டி விளக்கை நூர்த்தேன்.
கொஞ்ச நேரம் கிடந்தேன்.
ஏன் நூர்த்தேன் என்று வந்தது.
எழும்பிப் போய்
இடது கையால்
திரும்பப் போட்டேன்.