அகரவரிசை

பட்டியலைத் தட்டியது நான்தான்.
புளியந்தோப்பு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில்
கணினிக்கு முன்னால் உட்காரத் தெரிந்தவள் நான் ஒருத்தி.
ஒப்பந்தச் சம்பளம்.
மின்விசிறி எப்போதும் தலைமையாசிரியர் பக்கம்.

ஏழாம் வகுப்புக்கு மேல்கணக்குக் குழு,
சனிக்கிழமை தோறும், மாடி அறையில்.
தகுதியின் அடிப்படையில் என்றது சுற்றறிக்கை.
எத்தனை பேருக்குத் தகுதி என்று அது சொல்லவில்லை.
ஜெபமணி சார் மேலே போய் நாற்காலிகளை எண்ணினார்.
எழுதுபலகை வைத்தவை பதினெட்டு.
பத்தொன்பதாவதுக்குப் பலகை ஆடும்;
அதன்மேல் தண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது.

ஆக, பதினெட்டு.

நாற்பது மதிப்பெண்ணுக்குத் தேர்வு.
எண்பத்தாறு பேர் எழுதினார்கள்.
ஒருத்தி ஒவ்வொரு விடைக்கும் கீழே கோடு போட்டு
கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடும் போட்டிருந்தாள்,
விடை வழுக்கி விழுந்துவிடும் என்பதுபோல.
பதினேழு பேர் தெளிவாக மேலே.
அதற்கடுத்து இரண்டு பேர்,
முப்பத்தொன்று, முப்பத்தொன்று.
விண்ணரசி. யூனுஸ்.

மதிப்பெண்படி, பிறகு பெயர்ப்படி
அடுக்கு என்று ஒரு பொத்தானை அழுத்தினேன்.
அதற்குத் தெரிந்தது ஆங்கில வரிசை.
வி வந்தது. ஒய் வரவில்லை.
பதினெட்டாம் வரிக்குக் கீழே தாள் வெள்ளையாகிவிட்டது.
அச்செடுத்தேன். முத்திரை விழுந்தது.
பசை போதாமல் அறிவிப்பின் ஒரு மூலை
நாளெல்லாம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை இடைவேளையில் அவன் வந்தான்.
அழவில்லை. கையில் பாதி பிஸ்கட்.
"அக்கா, முட்டை நோட்டு தமிழ்லதானே இருக்கு?"
ஆமாம்.
"அதுல ய முன்னாடி, வ பின்னாடி.
முட்டைக்கு என்னைக் கூப்பிட்ட அப்புறம்தான்
விண்ணரசியைக் கூப்பிடுவாங்க.
கம்ப்யூட்டர்ல மட்டும் அவளுக்குப் பின்னாடி நான்."
நான் வாய் திறக்குமுன் அவனே தொடர்ந்தான்:
"வயசுல சின்னவங்க முதல்லன்னா அவ.
பெரியவங்க முதல்லன்னா நான்.
உயரம்னா சந்தேகமே இல்ல, அவதான்.
மொத்தம் அஞ்சு வழி. ரெண்டுல நான் உள்ள.
நீங்க அழுத்துனது மிச்ச மூணுல ஒண்ணு."

விடைத்தாளில் விட்டுப்போன ஒன்பது மதிப்பெண்ணை
என் மேசையோரம் நின்று எழுதி முடித்துவிட்டு
மணி அடித்ததும் ஓடிப்போனான்.
விசைப்பலகை இடுக்கில் பிஸ்கட் துகள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன்.
கெட்டவர் அல்ல அவர்.
"ஏத்தியாச்சேம்மா. பூட்டிட்டாங்க" என்றார்.
பூட்டியது யார் என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
"அடுத்த வருஷம் பார்ப்போம்."
அடுத்த வருஷக் கணக்கு
இந்த வருஷக் கணக்கின் தோளில்தான் நிற்கும் என்று
நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.
இருபது வருஷம் கணக்கு எடுத்தவர்.
ஜன்னல் பக்கம் பார்த்தார்.
மின்விசிறியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிவிட்டார்.

பேசின் பாலம் இறக்கத்தில் ஓர் இரும்புக் கடை.
நட்டும் போல்ட்டும் எட்டு ரூபாய்.
சாயங்காலம் மாடிக்குப் போய்
தண்ணீர் கேனைத் தரையில் இறக்கி
பலகையை முடுக்கினேன்.
கையூன்றிப் பார்த்தேன், ஆடவில்லை.
இத்தனை நாளும் இது எட்டு ரூபாய்தான்.

இப்போது நாற்காலி பத்தொன்பது.
பட்டியல் பதினெட்டு.

சனிக்கிழமைகளில் யூனுஸ் பெரியமேட்டுக்குப் போகிறானாம்,
அம்மா தைக்கிற இடத்துக்கு,
பை வார்களை எண்ணி டஜன் டஜனாகக் கட்ட.
எண்ணிக்கை ஒருநாளும் தப்புவதில்லையாம்.
அந்த அம்மாவே சொன்னார்,
பெருமையாகத்தான் சொன்னார்.

நேற்று விண்ணரசி மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.
"அக்கா, அந்தக் காலி நாற்காலியில
என் பையை வெச்சுக்கலாமா?"

வைத்துக்கொள் என்றேன்.
வேறென்ன சொல்ல,
அவளும் முப்பத்தொன்றுதானே.