அபராதச் சீட்டு

சின்னப்பாலம் தாண்டி, குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கம்
பாசி பறிக்க முங்கினேன்.
விரலில் சுற்றிய துணியை
யாரோ அவிழ்த்தார்கள்.

ஒன்பது கண். ஒன்றுகூட இமைக்கவில்லை.
தோளெல்லாம் சிப்பி,
செவுளுக்குள் நண்டுக்குஞ்சுகள்.
கத்தியிருப்பேன்; வாய் நிறையக் கடல்.

என் வெட்டுக்காயங்களை
ஒவ்வொன்றாய் நக்கியது,
எரிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு.

கச்சான் முடிந்து வாடை தொடங்கியது.
"சாக்கு என்னமாய்க் கனக்குது, பிலோமி!
ஆள் வச்சா பறிக்கிறே?" என்றாள் எடை போடுகிற முனீஸ்வரி.
ஆளெல்லாம் இல்லை என்றேன்.
பொய்யில்லை.

நேற்று வனத்துறைப் படகு.
பாறையாகிவிடு என்றேன். ஆனது.
அதன் மடியிலேயே உட்கார்ந்திருந்தேன்,
அடியில் மூச்சடக்கிக் கிடந்தது.

பவளப்பாறையைத் தொட்டதாக
எழுதிக் கிழித்துக் கொடுத்தார் அதிகாரி.

கொடுக்கட்டும்.
தொட்டதுதானே.