வடக்கிருத்தல்

டிம்பூலாவுக்கு வெளியே பதினொரு கிலோமீட்டர்.
அறுவடை முடிந்த கோதுமை வயலில் மேஜை போட்டு
வரைபடத்தின் நான்கு மூலைக்கும் கல் வைத்தேன்.
காற்று ஐந்தாவது மூலையைத் தேடிக்கொண்டிருந்தது.

வெர்னா யென்ஷ், எண்பத்திரண்டு.
முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
யாரையும் கடைசி இருக்கைப் பையனைக்
கண்ணாடியில் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்.

படி வேண்டாம் என்றார்.
குளியலறையில் கைப்பிடியும் வேண்டாம்,
ஆஸ்பத்திரி வாடை.
"நடைவழியை மட்டும் அகலமாகப் போடு.
லெனை ஜன்னல் வழியாக எடுத்தார்கள்.
ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை.
நாற்பத்தாறு வருடம் நானும் அவரும்
இடித்துக்கொண்டே கடந்த மூலை."

தொள்ளாயிரத்தை அழித்து
ஆயிரத்து இருநூறு என்று எழுதினேன்.
கூடுதல் முந்நூறு மில்லிமீட்டர்.
பள்ளிக்கூடத்தில் நான் வைத்திருந்த
அடிக்கோலின் நீளம்.

சுவருக்கு இதே வயலின் வைக்கோல் கட்டு,
மேலே மண்ணும் சுண்ணாம்பும்.
"தீப்பிடித்தால்?" என்றார் கவுன்சில் அதிகாரி.
இறுக்கிக் கட்டிப் பூசிவிட்டால் உள்ளே காற்றில்லை,
தீக்கும் மூச்சு வேண்டுமே என்றேன்.
"எலி?" என்றார்.
"அதற்கு நான் இருக்கிறேன்" என்றார் வெர்னா.
கூரையில் விழும் மழை தொட்டிக்கு.
தொட்டிக் குழாய் இடுப்பு உயரத்தில்,
பிளக் முழங்காலுக்கு மேலே,
குனிகிற வேலை நாய்க்கு மட்டும்.

பிறகு திசை.
இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது.
மனையடி சாஸ்திரக்காரர் யாராவது பார்த்தால்
என் படத்தைத் தலைகீழாகத்தான் பிடிப்பார்.
பெரிய ஜன்னல் வடக்கே.
ஜூன் வெயில் உள்ளே வந்து தரையில் படுக்கும்,
ஜனவரி வெயிலை இறவாரம் வெளியிலேயே நிறுத்தும்.

நாற்காலிக்கு ஒரு வட்டம் போட்டபோது
பென்சில் நின்றது.

வடக்கு நோக்கி ஒருவர் உட்காரும் இடத்தை
வரைந்துகொண்டிருக்கிறேன்.

வடக்கிருத்தல், சிறுகுறிப்பு வரைக. ஐந்து மதிப்பெண்.
மானம் போன அரசன்
சோறும் நீரும் ஒதுக்கி
அந்தத் திசைக்கு முகம் கொடுத்து உட்கார்வான்.
பிறகு எழமாட்டான்.

எதிரே வெர்னா
ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.
சொல்லவில்லை.
வட்டத்தைக் கிழக்குச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டேன்.
அங்கே குளிர்கால வெயில் எட்டவில்லை.
அழித்து,
காகிதம் மெலிந்துபோன பழைய இடத்திலேயே
மறுபடி போட்டேன்.

வீடு முடிந்து முதல் ஜூன். போன்.
பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார்:
"ஒன்பதரைக்கு இடது முழங்கால்.
பத்தே காலுக்கு வலது.
ஹீட்டர் இன்னும் போடவில்லை.
இது மூன்றாவது டோஸ்ட்."

வடக்கிருக்கிறார்,
வெஜிமைட் தடவிக்கொண்டு.

ஆகஸ்டில் இன்னொரு போன், குரல் கொஞ்சம் இறங்கி.
குளியலறையில் ஒன்று மாட்டலாமாம். ஒன்றே ஒன்று.
விழவெல்லாம் இல்லையாம்.
நான் கேட்கவே இல்லை.

தச்சன் கோரி
டைலை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனான்.
பொக், பொக், பொக்.
ஷவரைத் தாண்டி ஒரு முழத்தில் ஓசை கெட்டியானது.
அங்கே ஒரு புள்ளி வைத்தான்.

வாக்கரைப் பிடித்தபடி வாசலில் வெர்னா.
"உள்ளே என்ன?"
"பலகை."
"எப்போது வைத்தாய்?"
"கைப்பிடி வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்களே,
அன்றைக்கே வரைந்துவிட்டேன்."

கண்ணாடியில் பார்ப்பதுபோல
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு கோரியிடம் திரும்பி,
"டிரில்லை எடு" என்றார்.