மேற்கே போனால் ஒழுகும்

வெறும் வண்டியாய்க் கிழக்கே வந்தால் ஒழுகாது.
வடக்கே கோயமுத்தூர் போனாலும் ஒழுகாது.
கிணத்துக்கடவில் தக்காளி ஏற்றிக்கொண்டு
கணவாய்க் காத்துக்கு முகம் கொடுத்து
கொழிஞ்சாம்பாறைக்குப் போகும்போது மட்டும்
என் இடது முழங்காலில்
சொட்டு.

ஆடி முழுக்க மடியில் பிளாஸ்டிக் கவரை விரித்து ஓட்டினேன்.
செக்போஸ்டில் ஒருத்தர் எட்டிப் பார்த்துக் கேட்டார்,
"ஏனுங்க்கா, உள்ளயும் மழைங்களா?"

"கண்ணாடி ரப்பர் செத்துப்போச்சு" என்றார் கனகசபை.
என் வீட்டுக்காரர்.
எதையும் செத்த பிறகுதான் பார்ப்பார்.

அறுபத்தொன்பது மாடல் ஃபார்கோ பிக்கப்.
ஏலத்தில் எடுத்த அன்றைக்கு ஒரு சண்டை.
எஞ்சின் மாற்றிய அன்றைக்கு ஒன்று.
இந்தக் காசுக்கு டியூவில் ஒரு தோஸ்த் எடுத்திருக்கலாம் என்று
நான் சொன்னதிலிருந்து பதினோரு நாளாக
எங்களுக்குள் பேச்சு
டீசல், லோடு, உப்பு.

உக்கடத்தில் மீட்டர் கணக்கில் வாங்கிய ரப்பர்
வாசல் வெயிலில் சுருண்டு கிடந்தது.
கோழிகள் தள்ளி நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தன.

பழையதைக் கத்தியால் கீறினார்.
கருவாடு மாதிரி ஒடிந்து விழுந்தது.
அடியில் எம்-சீல். அதற்கடியில் தார்.
தாருக்கும் அடியில் யாரோ அப்பிய மெழுகு.
எல்லாம் சுரண்டியபின் விரலகலத்துக்கு
வெயிலே படாத ஒரு பச்சை.
எனக்கு முன்னால் எத்தனை முழங்கால் நனைந்ததோ.

கண்ணாடியைப் போர்வைமேல் கிடத்தினோம்.
இது உடைந்தால் வேறு இல்லை,
உக்கடத்திலும் இல்லை, பம்பாயிலும் இல்லை என்று
மூன்று தடவை சொன்னார்.
மூன்றாவது தடவை என்னைப் பார்த்து.

ரப்பரின் ஒட்டு மேலே வரணும் என்றேன்.
கீழே என்றார்.
மேலே.
கீழே.
அவர் சோப்புத் தண்ணி கலக்கப் போன நேரத்தில்
மேலே வந்துவிட்டது.

பெட்டி கட்டுகிற அதே மஞ்சள் கயிறை
ரப்பர் பள்ளத்தில் சுற்றிவர ஓட்டி
இரண்டு முனையையும் உள்ளே விட்டோம்.
நான் சீட்டில் முட்டிபோட்டு இழுக்க
அவர் வெளியே உள்ளங்கையால் தட்ட
இழுத்த இடமெல்லாம் ரப்பரின் உதடு ஏறித்
தகரத்தைக் கவ்வியது.

கண்ணாடி உட்கார உட்கார அவர் குரல் தேய்ந்தது.
வாய் மட்டும் அசைந்தது.
"சித்தெ மெதுவா" என்றிருக்கலாம்.
"சீக்கிரம்" என்றும் இருக்கலாம்.
பதினெட்டு வருசத்தில் அவர் வாயை
இத்தனை கவனமாக நான் பார்த்ததில்லை.
மூலையில் கயிறு மாட்டிக்கொண்டது.
அவர் கை வந்த இடத்துக்கு என் கையும் போனது.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அமுக்கினோம்.
பொளக்கென்று உட்கார்ந்தது.

ஹோஸை எடுத்துப் பீய்ச்சினார்.
தண்ணிக்குப் பின்னால் பனியனும் மீசையும்
கோணிக்கொண்டு ஓடின.
அதற்குள்ளிருந்து ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

என் முழங்காலில்
சொட்டு.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன்.
ரப்பர் ஓரம் பொட்டு ஈரமில்லை.
வைப்பர் தண்டு வெளியே போகிற ஓட்டையில்
வாசர் இருக்கவேண்டிய இடத்தில்
வெளிச்சம் இருந்தது.
காத்து எதிரே அடித்தால் தண்ணி அதற்குள் ஏறும்.
மேற்கே போனால்.

கண்ணாடியைத் தட்டி விரலால் வைப்பரைக் காட்டினேன்.
புரிய நேரமானது.
புரிந்த பிறகும் நின்றார்.
ஹோஸ் கீழே விழுந்து
கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்தது.

அப்புறம் குனிந்து இடதுகால் செருப்பைக் கழற்றி
ஒரு ரூபாய்க் காசை வைத்து வட்டம் போட்டு
அறுத்தார்.

பொழுதோட லோடு ஏறியது.
வேலந்தாவளம் தாண்டியதும் மழை பிடித்தது.
நான் ஓட்டினேன்.
பக்கத்தில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்து
கண்ணாடி ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தவர்
சொன்னார்,
"ரப்பரு எப்படியும் மாத்த வேண்டியதுதான்."

"ஆமாங்" என்றேன்.