இன்னொரு இரண்டு

போன பருவத்தின் கடைசி ஆட்டம்
ஐந்து மாதமாகப் பலகையில் தொங்கியது.
விருந்தினர் 47. நாங்கள் 3.
கழற்ற வேண்டியவள் நான்தான்.
மழை கழற்றட்டும் என்று விட்டேன்.
மழை அந்த நாலைக் கொஞ்சம் வளைத்தது,
அவ்வளவுதான்.

கிருலப்பனைக் கால்வாயோரம் எங்கள் றக்பிக் கழகம்.
திங்கள் முதல் வெள்ளி வரை கணக்கெழுதுகிறேன்,
சனிக்கிழமை பலகைக்கு ஏறுகிறேன்.
ஆகவே ஒவ்வொரு தோல்வியும் எனக்கு இரண்டு முறை வரும்:
ஒருமுறை தகரத்தில்,
ஒருமுறை வங்கி திருப்பி அனுப்பிய காசோலையில்.

பதினான்கு ஆட்டம், ஒரு வெற்றி.
அதுவும் எதிரணியின் பஸ் களனிப் பாலத்தில் பழுதாகி
பதின்மூன்று பேரோடு அவர்கள் ஆடிய நாளில்.
பிஸ்கட் கொம்பனி தன் பெயரைப் பிரித்துக்கொண்டு போனது;
ஜேர்சியின் நெஞ்சில் ஊசித்துளைகள் மட்டும் அந்தப் பெயரைப் படிக்கின்றன.
நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஒரு செவ்வாய்க்கிழமை
தொப்பியை மறந்துவிட்டு விமானம் ஏறினார்.
காவலாளி சந்திரதாசவுக்கு அது அளவாக இருக்கிறது.

தகரங்களைத் துடைக்க இறக்கியபோது பார்த்தேன்:
விருந்தினர் பெட்டியில் எல்லா எண்ணும் தேய்ந்திருந்தது.
எங்கள் பெட்டியில் எட்டும் ஒன்பதும்
வாங்கிய அன்றைய மினுக்கம்.
இரண்டு, ஒன்றே ஒன்று.
மற்ற இரண்டு கன்டீனில்
கேத்தலுக்கு அடியில் கருகிக் கிடந்தது.
புதிது கேட்டுக் கடிதம் எழுதினேன்.
பொருளாளர் டி கிரெட்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்:
'ரெண்டு ரெண்டு உங்களுக்கு என்னத்துக்கு, மிஸ்?'

பாதிச் சம்பளம் என்றதும் ஒன்பது பேர் போனார்கள்.
போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாது.
ரிஃபாய், ஹூக்கர், விசிலைத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டான்.
கஜவதனன் துறைமுகத்தில் இரவு வேலை முடித்து
காலை ஐந்துக்கு நேரே ஸ்க்ரமுக்குள் தலையை விட்டான்.
பிஜியிலிருந்து வந்த செமிக்கு ஒப்பந்தமே முடிந்துவிட்டது;
பாமன்கடையில் வாடகை அறை, தினமும் மீன் ரொட்டி,
கேட்டால் 'நாளைக்கு' என்பான்,
அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்.

முதல் ஆட்டம்.
ரிக்கட் எண்ணினேன்: நூற்றுப் பன்னிரண்டு.
பப்பரே வாத்தியக்காரரும் பாதிதான்,
ஒரு ட்ரம்பெட், ஒரு மேளம்,
மேளம் நனைந்து தொம் என்பதற்குப் பதில் தப் என்றது.
கால்வாய்ப் பக்கக் கோட்டில் ஒரு கபரகொய்யா
ஆட்டத்தைப் பார்க்காமல் கடந்து போனது.

ஏழு. பன்னிரண்டு. பத்தொன்பது.
என் கை மரத்துவிட்டது,
ஒரே நாளில் இவ்வளவு தகரம் தூக்கியதில்லை.
அவர்கள் இருபத்திரண்டு.
எழுபத்தெட்டாவது நிமிடம், பெனால்டி.
டெரோஷன் பந்தை வைத்தான்,
போன வருடம் இதே இடத்திலிருந்து
நாலு முறை கால்வாய்க்குள் உதைத்தவன்.
நான் பார்க்கவில்லை. பெட்டிக்குள் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேரும் கத்தியது கேட்டது.

22. எங்களுக்கு.
ஒரு இரண்டு கொக்கியில், மற்ற கொக்கி வெறும் கொக்கி.
'யோகசீலன், டேப்!' என்று கத்தினேன்.
யாருடைய கணுக்காலையோ பாதியில் விட்டு
வெள்ளைச் சுருளை மேலே எறிந்தான்.
பூச்சியத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒட்டினேன்.
வளைவு வரவில்லை.
முழங்கால் மடக்கித் தோள் கொடுக்கும்
ஸ்க்ரம் ஆள்போல நின்றது அந்த இரண்டு.
'அது என்ன நம்பர்?' என்றான் கீழே ஒருவன்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை, எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசி நிமிடத்தில் அவர்கள் ஒரு ட்ரொப் கோல் அடித்தார்கள்.
22–25.
தோல்விதான், வேறு பெயரில்லை.
ரிஃபாய் சேற்றில் மல்லாந்து படுத்து
பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினேன்.
டேப் ஒட்டியதை மட்டும், நனைந்தால் உரிந்துவிடும் என்று,
பையில் வைத்து 138இல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
திங்கட்கிழமை முதல் வேலையாகக் கடிதம்:
எங்கள் பெட்டிக்கு இரண்டு, ஒன்று.
மூன்று, ஒன்று.
கொஞ்சம் யோசித்து, நாலும் ஒன்று.
டி கிரெட்சர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.